மணல் செல்லும் வழி: வடசென்னைக் கடற்கரையும் புவியியல் ஆய்வும்

முதற்பொருள் எனத் தொல்காப்பியர் வகுத்தவை இரண்டு. ஒன்று நிலம், மற்றொன்று பொழுது. மக்களின் ஒழுக்கத்துக்கு இலக்கணம் கூறப் புகுந்தவர், அம்மக்கள் நிற்கும் மண்ணையும் அவர்கள் வாழும் பருவத்தையும் முன்னே வைத்ததை நாம் வகுப்புதோறும் பெருமையுடன் எடுத்துரைத்து வருகிறோம். குறிஞ்சி மலை, முல்லை காடு, மருதம் வயல், நெய்தல் கடலும் கடல் சார்ந்த இடமும் என்று கரும்பலகையில் கட்டம் போட்டு எழுதிவிட்டால் பாடம் முடிந்ததாக நினைக்கிறோம். முல்லையும் குறிஞ்சியும் தம் இயல்பு கெட்டால் பாலையாகும் என்று இளங்கோவடிகள் கூறியதையும் சேர்த்துச் சொல்வதுண்டு. ஆனால், நெய்தல் இயல்பு கெட்டால் என்னவாகும் என்று நாம் கேட்டதில்லை.

சில ஆண்டுகளுக்கு முன்னர் நம் வகுப்பில் இப்பாடம் நடந்தபோது, காசிமேட்டிலிருந்து வரும் மாணவர் ஒருவர் எழுந்து, “எங்க தாத்தா காலத்து நெய்தல் இப்ப கடலுக்குள்ள இருக்கு சார்” என்றார். வகுப்பு சிரித்தது. நாமும் சிரித்தோம். பின்னர் அவருடன் இராயபுரத்திலிருந்து வடக்கே கடலோரச் சாலையில் நடந்து சென்றபோதுதான் அது சிரிக்கத்தக்க செய்தியன்று என்பது விளங்கிற்று. சாலையின் கிழக்கே மணல் இல்லை. கருங்கற்களைக் குவித்த அணைதான் இருந்தது. அதன் மீது அலை மோதிக்கொண்டிருந்தது. அவ்விடத்தில் தெரு இருந்தது, வலை உலர்த்தும் மணல் இருந்தது என்று முதியவர்கள் கையை நீட்டிக் காட்டிய திசையில் நீர்தான் தெரிந்தது.

இதற்கு விடை தேடியே புவியியலாரின் எழுத்துகளை நாம் படிக்கத் தொடங்கினோம். தமிழ் கற்பிக்கும் நமக்கு அத்துறை அயலானது. ஆதலால் இக்கட்டுரையில் காணப்படுவன ஒரு மாணாக்கரின் குறிப்புகளே என்று கொள்க.

சேப்பாக்கத்துத் துறை

நிலத்தை அளக்கும் கலை சென்னைக்குப் புதிதன்று. 1794இல் இந்நகரில் நில அளவைப் பள்ளி ஒன்று தொடங்கப்பெற்றது. இன்றைய கிண்டிப் பொறியியல் கல்லூரிக்கு அதுவே விதை. 1802இல் வில்லியம் லாம்டன் என்னும் படைத்துறை அதிகாரி பரங்கிமலையை அடுத்த சமவெளியில் அடிக்கோடு ஒன்றை அளந்தார். இந்தியப் பெருநிலப்பரப்பு முழுவதையும் முக்கோணங்களாகப் பகுத்து அளந்த பெரும் பணி அக்கோட்டிலிருந்தே வளர்ந்தது. ஆனால் அளப்பது வேறு. அளந்ததன் காரணத்தை ஆராய்வது வேறு. பின்னதே புவியியல்.

அவ்வாராய்ச்சி இந்நகரில் ஓர் அமைப்பாக உருப்பெற்ற ஆண்டு 1926. என். சுப்பிரமணியம் அவர்களின் முயற்சியால் அவ்வாண்டில் சென்னைப் புவியியல் கழகம் தோன்றியது. அதன் இதழும் உடன் தோன்றியது. 1941இல் கழகம் இந்தியப் புவியியல் கழகம் என்னும் விரிந்த பெயரைப் பெற்றது. இதழும் அப்பெயருக்கேற்ப மாறியது. இன்றும் அக்கழகத்தின் முகவரி சேப்பாக்கம், சென்னைப் பல்கலைக்கழகப் புவியியல் துறைதான். ஒரு துறையும் ஒரு கழகமும் ஓர் இதழும் ஒரே கூரையின் கீழ் நூற்றாண்டுப் பழமையைத் தாங்கி நிற்பது நம் நாட்டில் எளிதில் காணக்கூடியதன்று. பேராசிரியர் ஜார்ஜ் குரியன் போன்றோர் துறையையும் இதழையும் சேர்த்தே வளர்த்தனர். தமிழ் மாணவர்க்கு நெருக்கமான செய்தி ஒன்றையும் ஈண்டுக் கூறலாம். புவியியலறிஞர் பி. எம். திருநாரணன், தமிழகத்தின் மரபெல்லைகளையும் உட்பிரிவுகளையும் ஆராய்ந்து 1940இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். தொண்டை மண்டலம், சோழ மண்டலம், கொங்கு என்று நாம் இலக்கிய வரலாற்றில் வாயால் சொல்லிப் போவனவற்றை அவர் வரைபடத்தில் நிறுத்திப் பார்த்தார்.

புவியியல் என்றால் மலையும் ஆறும் தலைநகரும் மனப்பாடம் செய்வது என்னும் பழைய கருத்து நம் வீடுகளில் இன்னும் நீங்கவில்லை. ‘பூகோளம்’ என்று அதனை வழங்கிய காலத்தில் நாமும் அவ்வாறே பயின்றோம். நோயும் புவியியலுக்கு உரியதே என்பதைப் பேராசிரியர் ஏ. ரமேஷ் முதலியோர் சென்னையிலிருந்தே காட்டினர். அவரும் பி. ஹைமா, கே. பி. சக்ரபாணி ஆகியோரும் 1980களில் சென்னை நகரின் மலேரியாவைச் சுற்றுச்சூழலோடு இணைத்து ஆராய்ந்து எழுதினர். தமிழ்நாட்டின் மலேரியா நோயாளர்களில் பெரும்பங்கினர் நெடுங்காலம் சென்னையில்தான் இருந்தனர். காட்டுப்புறத்து நோயென நாம் கருதும் ஒன்று தலைநகரில் குடிகொண்டதற்குக் காரணம், இந்நகரில் அதனைப் பரப்பும் கொசு சாக்கடையில் பிறப்பதில்லை என்பதே. அது தெளிந்த நீரில் முட்டையிடும். மூடாத கிணறும் மாடித் தொட்டியுமே அதன் பிறப்பிடம். குழாய் நீரை நம்ப முடியாமல் கிணற்றையும் தொட்டியையும் விடாது வைத்திருந்த பழைய வடசென்னைக்கு இது எவ்வளவு பொருந்தும் என்பதை அப்பகுதி வாசகர்க்கு விளக்க வேண்டுவதில்லை. 1854இல் இலண்டன் மாநகரில் ஜான் ஸ்னோ என்னும் மருத்துவர் காலரா இறப்புகளை வரைபடத்தில் புள்ளியிட்டு, ஒரு தெருக்குழாயைச் சுற்றி அவை திரண்டு நிற்பதைக் கண்டார் அன்றோ? அம்மரபில் வந்த ஆய்வே இது.

நம் வினாவோ மணலைப் பற்றியது. அதற்கு வருவோம்.

அலை சாய்ந்து வருதல்

கடற்கரை மணல் அங்கேயே கிடப்பதுபோல் தோன்றினும் உண்மையில் அது வழிப்போக்கன். அலை கரையை நோக்கி நேராக வருவதில்லை. சற்றே சாய்ந்து வருகிறது. வரும்போது மணலைச் சாய்வாக மேலேற்றுகிறது. திரும்பும்போது நீர் சரிவின் வழியே நேராகக் கீழிறங்குகிறது. ஏறியது ஓரிடம், இறங்கியது சற்றுத் தள்ளி வேறோரிடம். இரம்பத்தின் பல்லை விரலால் தடவிச் செல்வதுபோல் ஒவ்வொரு மணலும் ஏறி இறங்கி ஏறி இறங்கிக் கரையோரமாகவே நடந்துகொண்டிருக்கிறது. முறத்தைச் சாய்த்துப் பிடித்துத் தட்டும்போது அரிசி ஒரு பக்கமாக நகர்வதைக் கண்டவர்க்கு இது புரியும்.

சென்னைக் கரையில் தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மாதங்களில் அலை தென்கிழக்கிலிருந்து சாய்ந்து வரும். மணல் வடக்கே போகும். வடகிழக்குப் பருவத்தில் திசை மாறும். மணல் தெற்கே திரும்பும். ஆனால் போனது முழுவதும் திரும்புவதில்லை. வடக்கே செல்லும் காலம் நீண்டது. தெற்கே திரும்பும் காலம் குறுகியது. ஆகவே வரவுசெலவைக் கணக்கிட்டால் ஆண்டுதோறும் பல இலட்சம் கன மீட்டர் மணல் வடக்கு நோக்கியே சென்றுவிடுகிறது. பருவக்காற்றைக் குறிக்கும் ‘மான்சூன்’ என்னும் சொல்லே அரபு மொழியில் காலம், பருவம் எனப் பொருள்படும் ‘மவ்சிம்’ என்பதிலிருந்து வந்தது. மஅபர் என்று அரபு மாலுமிகள் வழங்கிய சோழமண்டலக் கரைக்கு மரக்கலம் செலுத்தியவர்கள், காற்று திரும்பும் நாளை வைத்தே புறப்படும் நாளைக் குறித்தனர். காற்றோடு மணலும் திரும்புகிறது என்பதே நாம் இங்குச் சேர்த்து எண்ண வேண்டியது.

இந்நகர்ச்சியின் குறுக்கே சுவர் எழுப்பினால் என்னவாகும்? அதற்குச் சென்னையே உலகறிந்த சான்று. துறைமுகம் இல்லாத துறைமுக நகரமாகவே சென்னை இருநூறு ஆண்டுகளுக்கு மேல் இருந்தது. கப்பல் தொலைவில் நங்கூரமிடும். மசூலாப் படகும் கட்டுமரமும் அலையைக் கடந்து மக்களையும் பொதிகளையும் கரை சேர்க்கும். 1861இல் கடலுக்குள் ஓர் இரும்புப் பாலம் நீட்டப்பட்டது. 1875ஆம் ஆண்டின் இறுதியில் துறைமுகத்துக்கு அடிக்கல் நாட்டி, இரண்டு கற்சுவர்களைக் கடலுக்குள் நீட்டத் தொடங்கினர். பணி முடியும் தறுவாயில், 1881 நவம்பரில் புயல் அடித்துச் சுவர்களைத் தகர்த்தது. மீண்டும் கட்டினர். கிழக்கே திறந்திருந்த வாயிலைப் புயலும் மணலும் விடாது வருத்தவே, இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அதனை அடைத்து வடகிழக்கே புதுவாயில் அமைத்தனர். 1904 முதல் 1919 வரை துறைமுகத் தலைமையை வகித்த சர் பிரான்சிஸ் ஸ்பிரிங் அப்பணியில் முதன்மையானவர்.

சுவர் நின்றது, மணலும் நின்றது. வடக்கே சென்றுகொண்டிருந்த மணல் சுவரின் தென்பக்கத்தில் தங்கித் தங்கிக் கரை கிழக்கே விரிந்தது. கிராண்ட் டஃப் என்னும் ஆளுநர் 1880களில் அங்கே நடைபாதை அமைத்து ‘மெரினா’ என்று பெயரிட்டார். நாம் மாலையில் குடும்பத்துடன் சென்று சுண்டல் வாங்கித் தின்னும் அகன்ற மணற்பரப்பில் பெரும்பகுதி துறைமுகச் சுவர் பிடித்து வைத்தது. அது வடக்கே போயிருக்க வேண்டிய மணல்.

வடக்கே நிகழ்ந்ததோ இதன் மறுதலை. இராயபுரத்திலும் அதற்கு அப்பாலும் அலை வழக்கம்போல் மணலை எடுத்துச் சென்றது. ஆனால் தெற்கிலிருந்து வந்து நிரப்ப வேண்டியது வரவில்லை. செலவு உண்டு, வரவு இல்லை என்றானால் எந்தக் குடும்பமும் தேயும். 1876 முதல் 1975 வரையிலான நூறாண்டில் இராயபுரம் வட்டாரத்தில் ஏறத்தாழ 500 மீட்டர் அகலக் கரையும், 1978 முதல் 1995 வரை மேலும் 200 மீட்டரும் போயின என்பது ஆய்வுகளில் எடுத்தாளப்பெறும் கணக்கு. ஆண்டுக்கு எட்டு மீட்டர் என்பது ஒரு சராசரி வீட்டின் முகப்பு அளவு.

துறைமுகம் வேண்டாம் என்று சொல்ல நாம் வரவில்லை. தென்னிந்தியாவின் முதல் தொடர்வண்டி 1856இல் இராயபுரத்திலிருந்துதான் புறப்பட்டது. துறைமுகமும் இருப்புப்பாதையும் சேர்ந்தே வடசென்னையைத் தொழிற்பகுதியாக்கின. எண்ணூரிலும் திருவொற்றியூரிலும் ஊர்தி, டயர்த் தொழிற்சாலைகள் வந்தன. நம் கல்லூரியில் பயின்ற தலைமுறையினர் பலருடைய கட்டணம் அத்தொழிற்சாலைகளின் ஊதியத்திலிருந்தே வந்தது. ஆனால் மெரினாவின் வரவும் இராயபுரத்தின் இழப்பும் ஒரே பேரேட்டின் இரு பக்கங்கள் என்பதை எந்தப் பள்ளிப் பாடநூலிலும் நாம் படிக்கவில்லை. தென்பக்கத்தைப் பாடிய கவிஞர் பலர். வடபக்கத்தைப் பாடியோர் அரியர். இது தமிழாசிரியரின் குறை.

வரைபடத்தின் மேல் வரைபடம்

இவ்வளவையும் ஆய்வாளர் எவ்வாறு அறிந்தனர்? இவ்விடத்தில்தான் அண்மைக்காலப் புவியியல் ஆய்வின் திறன் வெளிப்படுகிறது. முறை கேட்பதற்கு எளியது. இந்திய நில அளவைத் துறையின் பழைய வரைபடத்தில் கரைக்கோடு எங்கே இருக்கிறது என்று பார்க்கிறார்கள். அதன் மேல் பிற்காலத்து வரைபடத்தை வைக்கிறார்கள். அதன் மேல் செயற்கைக்கோள் படத்தை வைக்கிறார்கள். கோடுகள் விலகி நிற்கும் இடத்தில் குறுக்குக் கோடுகள் வரைந்து, எத்தனை ஆண்டில் எத்தனை மீட்டர் என்று கணக்கிடுகிறார்கள். தொலையுணர்வு என்றும் புவித் தகவல் முறைமை என்றும் வழங்கும் இக்கலைகள் இன்று பல்கலைக்கழகப் புவியியல் துறைகளில் பாடமாகவே கற்பிக்கப்படுகின்றன. அண்ணா பல்கலைக்கழகத்தில் தொலையுணர்வுக்கெனத் தனி நிறுவனமே உண்டு. சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தின் கடற்பொறியியல் துறையும் தேசியக் கடலோர ஆராய்ச்சி மையமும் இதே கரையில் உழைக்கின்றன.

கேட்பதற்கு எளியது என்றோம், செய்வதற்கு அன்று. நடைமுறைப் பயன்பாட்டுக்கான இந்தியாவின் முதல் தொலையுணர்வுக் கோள் 1988 மார்ச்சு 17ஆம் நாள் ஏவப்பட்டது. அதன் ஒரு கருவி எடுத்த படத்தில் ஒரு புள்ளி தரையில் ஏறத்தாழ 72 மீட்டர்; மற்றொன்றில் 36 மீட்டர். ஆண்டுக்கு எட்டு மீட்டர் தேயும் கரையை 72 மீட்டர்ப் புள்ளியால் பார்ப்பவருக்கு ஒரு புள்ளி நகர ஒன்பது ஆண்டுகள் ஆகும். அதற்குள் ஒரு தெரு போய்விடும். 2005இல் ஏவப்பட்ட கார்ட்டோசாட் கோளின் புள்ளியோ இரண்டரை மீட்டர். பின்வந்தவற்றில் ஒரு மீட்டருக்கும் குறைவு. ஒரு படகு கரையில் கிடப்பதையே இன்று வானிலிருந்து காணலாம்.

மற்றொரு சிக்கல் ஓதம். காலையில் நீர் நிற்கும் இடம் மாலையில் நீர் நிற்கும் இடமன்று. சென்னையில் ஓதத்தின் ஏற்ற இறக்கம் பெருநாள்களிலும் ஒரு மீட்டர் அளவினதே. ஆனால் இருபது மீட்டர் நடந்தால் ஒரு மீட்டர் சரியும் கரையில், அந்த ஒரு மீட்டர் ஓதம் நீரின் விளிம்பை இருபது மீட்டர் தள்ளி வைத்துவிடும். ஓதம் ஏறியபோது எடுத்த படத்தையும் இறங்கியபோது எடுத்த படத்தையும் அறியாமல் ஒப்பிடுபவர், இல்லாத அரிப்பைக் கண்டுபிடிப்பார். இருக்கும் அரிப்பைக் கோட்டைவிடுவார். எனவே நல்ல ஆய்வாளர் படத்தை மட்டும் நம்புவதில்லை. கருவியைத் தோளில் தாங்கிக் கரையில் நடக்கிறார். பாடவேறுபாடு ஆராயும் பதிப்பாசிரியர் ஒரு சுவடியை மட்டும் நம்பாமல் பல சுவடிகளை ஒப்புநோக்குவது போன்றதே இது. இந்த ஒற்றுமையை உணர்ந்த பின்னரே அத்துறை நமக்கு அயலானது என்னும் எண்ணம் நீங்கிற்று.

தேசியக் கடலோர ஆராய்ச்சி மையம் 1990 முதல் 2018 வரையிலான படங்களை ஒப்பிட்டு, இந்தியக் கடற்கரையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு அரிக்கப்பட்டு வருவதாகவும் தமிழ்நாட்டில் அப்பங்கு நாற்பது விழுக்காட்டுக்கு மேல் எனவும் கண்டது. இராயபுரத்தில் நூறாண்டுக்கு முன் தொடங்கியது இன்று பல ஊர்களின் கதையாகிவிட்டது.

தடுக்க முயன்றதும் உண்டு. முதலில் கரை நெடுகக் கற்களைக் கொட்டினர். கல் சாலையைக் காத்தது, மணலைத் தரவில்லை. பின்னர், கரையிலிருந்து கடலுக்குள் செங்குத்தாகக் கற்சுவர்களை வரிசையாக நீட்டும் முறை வந்தது. தூண்டில் வளைவு என்று மக்கள் இவற்றை வழங்குகின்றனர். சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகப் பொறியாளர்களின் ஆய்வின் துணையுடன் 2004ஆம் ஆண்டளவில் இராயபுரத்துக்கும் எண்ணூருக்கும் இடைப்பட்ட கரையில் இவை அமைந்தன. இவற்றுக்கிடையே சிற்சில இடங்களில் மணல் மீண்டும் தங்கியது. அவ்வாண்டு டிசம்பர் 26இல் வந்த ஆழிப்பேரலையில் இக்கரையும் தப்பவில்லை. ஆனால் தூண்டில் வளைவு மணலை உண்டாக்குவதில்லை. போகும் மணலில் கொஞ்சத்தைப் பிடித்து வைக்கிறது. பிடித்த அளவு வடக்கே குறைகிறது. வரிசையின் கடைசிச் சுவருக்கு அப்பால் யார் குடியிருக்கிறார்களோ அவர்கள் முறையிடுவார்கள். அவர்களுக்கும் ஒரு சுவர் கட்டுவோம். முறையீடு மேலும் வடக்கே போகும்.

எண்ணூர்க் கழிமுகம்

அவ்வாறு வடக்கே போனால் எண்ணூர் வரும். பட்டினத்தார் அடங்கிய இடமென வழிபடப்பெறும் திருவொற்றியூர்க் கரையைக் கடந்து, கத்திவாக்கத்தைக் கடந்து, தாழங்குப்பம், நெட்டுக்குப்பம், முகத்துவாரக்குப்பம் என்று ஊர்ப்பெயர்களே நிலத்தை விளக்கும் பகுதி அது. தாழை நின்ற இடம், முகத்துவாரம் நின்ற இடம். பூண்டி நீர்த்தேக்கத்துக்குக் கீழே ஓடிவரும் கொசத்தலை ஆறு அங்கே கடலைச் சேர்கிறது. பக்கிங்காம் கால்வாயும் அவ்விடத்தைத் தொட்டுப் பழவேற்காடு ஏரியை நோக்கிப் போகிறது. ஆற்றுநீரும் கடல்நீரும் கலக்கும் இடத்தில்தான் இறால் வளரும், நண்டு வளரும். மழைக்காலத்தில் வடசென்னையின் வெள்ளம் வடிய வழியும் அதுவே.

அக்கழிமுகத்தைச் சுற்றிலும் கரைவிளிம்பிலும் என்னென்ன வந்தன என்பதை இவ்வூரார் அறிவர். 1970இல் இயங்கத் தொடங்கிய எண்ணூர் அனல் மின்நிலையம் 2017இல் மூடப்பட்டது. 1994இல் வடசென்னை அனல் மின்நிலையம் வந்தது. 2001இல் எண்ணூர்த் துறைமுகம் திறக்கப்பட்டது. காமராசர் துறைமுகம் என்பது 2014இல் அது பெற்ற பெயர். அதற்கும் வடக்கே காட்டுப்பள்ளியில் மற்றொரு துறைமுகம். நிலக்கரியை எரித்த சாம்பல் நீரில் கரைந்து குழாய்வழிச் சென்று குட்டைகளில் சேர வேண்டும். குழாய் கசிந்த இடங்களில் சாம்பல் ஆற்றில் படிந்தது. முழங்கால் ஆழ நீரில் நின்று கையால் தடவி இறால் பிடிப்போர், இன்று முழங்கால் ஆழச் சாம்பற்சேற்றைக் காட்டுகின்றனர். 2017 சனவரியில் துறைமுகத்துக்கு வெளியே இரு கப்பல்கள் மோதியதால் எண்ணெய் பரவிற்று. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலிப் பகுதியிலிருந்து எண்ணெய் கழிமுகத்தில் இறங்கிற்று. முதல் நிகழ்ச்சியில் கடலிலிருந்து கரைக்கு. இரண்டாவதில் கரையிலிருந்து கடலுக்கு.

ஆயினும் புவியியல் மாணவர் ஆழ்ந்து நோக்க வேண்டிய செய்தி வேறொன்று. 1991 பிப்ரவரியில் நடுவணரசு கடலோர ஒழுங்காற்று மண்டல அறிவிக்கையை வெளியிட்டது. கடலோரத்தில் எதைக் கட்டலாம், எதைக் கட்டலாகாது என்பதை உயர் ஓதக் கோட்டிலிருந்து அளந்து முடிவு செய்யச் சொன்னது அது. கோடு எங்கே என்பதைக் காட்ட வரைபடம் வேண்டுமல்லவா? தமிழ்நாட்டுக்கான கடலோர மேலாண்மைத் திட்டம் 1996இல் ஒப்புதல் பெற்றது. அதில் எண்ணூர்க் கழிமுகம் நீர்ப்பரப்பாக, காக்கப்பட வேண்டிய பகுதியாக இருந்தது. பின்னாளில் வழங்கப்பட்ட மற்றொரு வரைபடத்தில் அந்நீர்ப்பரப்பு அவ்வாறு காட்டப்படவில்லை என்பது தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் வழியே பெற்ற தாள்களிலிருந்து தெரியவர, 2017இல் அது பெரும் வழக்காடலாயிற்று. மீனவர்களும் சூழல் ஆர்வலர்களும் இரண்டு வரைபடங்களையும் அருகருகே வைத்துக் காட்டினர். சாம்பலால் கெட்ட கழிமுகத்தை மீட்க வேண்டும் என்று தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு 2022இல் ஆணையிட்டது.

ஆறு ஓடிக்கொண்டேயிருக்கிறது, ஆனால் தாளில் அது இல்லை. தாளில் இல்லையென்றால் சட்டத்தின் கண்ணுக்கும் இல்லை. கடல் ஒரு தெருவை விழுங்க நூறாண்டு ஆயிற்று. வரைபடம் ஓர் ஆற்றை விழுங்க ஒரு நாள் போதும். ஆகவே வரைபடம் படிக்கத் தெரிவது தேர்வுக்கான திறமை என்று நம் மாணவர் எண்ணலாகாது. தம் ஊர் எந்த மண்டலத்தில் வருகிறது, கோடு தம் வீட்டுக்கு முன்னே செல்கிறதா பின்னே செல்கிறதா என்பதை ஒருவர் தாமே பார்த்துச் சொல்லக் கூடுமானால், அலுவலகத்தில் அவர் கேட்கும் வினா வேறாக இருக்கும். 1996ஆம் ஆண்டுத் தாளையும் பின்வந்த தாளையும் அருகருகே வைத்தவர்களில் பலர் கல்லூரி வாயிலை மிதிக்காதவர்கள் என்பது நம்மைப் போன்றோர் நாணத்தோடு நினைக்க வேண்டியது.

தமிழ்த்துறைக்கு உரிய பங்கு

நம் நாட்டில் இவ்வாய்வுகள் பெரும்பாலும் ஆங்கிலத்திலேயே எழுதப்படுகின்றன. இராயபுரத்து மணலைப் பற்றிய கட்டுரையை இராயபுரத்தார் படிக்க இயலாத நிலை எல்லாப் பல்கலைக்கழகங்களுக்கும் பொது. புவியியலாரை மட்டும் நோவதற்கில்லை. 1960களிலும் 1970களிலும் கல்லூரி அறிவியலைத் தமிழில் தருவதற்குப் பாடநூல்கள் எழுதப்பெற்றன; புவியியலுக்கும் நூல்கள் வந்தன. அம்முயற்சி தளர்ந்தபோது அதைக் கேட்க வேண்டியவை தமிழ்த்துறைகள். நாமோ நெய்தலுக்குரிய பூவும் பறவையும் எவை என்று பட்டியல் போட்டுக்கொண்டிருந்தோம்.

கலைச்சொல் ஆக்குவது ஒரு பணி. ஏற்கெனவே இருக்கும் சொல்லைக் கேட்டறிவது அதனினும் முந்தைய பணி. வாடை, தென்றல், கொண்டல், கோடை என நாற்றிசைக் காற்றுக்கும் நம் இலக்கியத்தில் பெயருண்டு. நீரோட்டத்துக்குப் பெயர் உண்டா என்று வகுப்பில் கேட்டோம். முன்னர்க் கூறிய அதே காசிமேட்டு மாணவர் விடை சொன்னார். தெற்கிலிருந்து வடக்கே ஓடும் நீரோட்டத்தைச் சென்னை மீனவர் ‘தெண்டி’ என்பர். வடக்கிலிருந்து தெற்கே ஓடுவதை ‘வன்னி’ என்பர். தெண்டி மணலைக் கொண்டுபோகும், வன்னி கொஞ்சம் திருப்பித் தரும் என்பது அவர்கள் வீட்டில் எல்லோரும் அறிந்தது என்றார். கடலாய்வாளர் பல்லாண்டு அளந்து வரையும் வரவுசெலவுக் கணக்கின் இரு பக்கங்களும் அவ்விரு சொற்களில் அடங்கியிருப்பதைக் கேட்டு நாம் சற்று நேரம் பாடத்தை நிறுத்திவிட்டோம். நம் கையிலிருந்த கலைச்சொல் அகராதிகளில் அவ்விரண்டையும் நீரோட்டம் என்னும் பொருளில் காணோம்.

அதன் பின்னர் நம் துறை மாணவர் சிலர், விடுமுறை நாள்களில் காசிமேட்டிலிருந்து எண்ணூர் வரையுள்ள குப்பங்களுக்குச் சென்று, முதியோரிடம் காற்று, நீரோட்டம், மணல், சேறு ஆகியவற்றின் பெயர்களைக் கேட்டு எழுதி வருகின்றனர். பெண்களிடம் கேட்ட குழுவுக்கே கூடுதலான சொற்கள் கிடைத்தன. கழிமுகத்தில் இறங்கிக் கையால் இறால் பிடிப்போருள் அவர்கள் பலர். சேற்றின் வகைகளை ஆண்களை விட நுணுக்கமாகப் பிரித்துச் சொன்னார்கள். ஒவ்வொரு சொல்லுக்கும் எதிரே அது வழங்கும் இடத்தையும் வரைபடத்தில் குறிக்க வேண்டும் என்பது ஏற்பாடு. அதற்காக முதன்முறையாக நம் தமிழ்த்துறை மேசையில் எண்ணூர் வட்டார வரைபடம் விரிக்கப்பட்டது. ‘தெண்டி’ என்று எழுதுவதா, தெற்கு என்னும் வேர் தெரியும்படி ‘தென்டி’ என்று எழுதுவதா என்பதில் மாணவரிடையே இன்னும் உடன்பாடு ஏற்படவில்லை. ஒலிப்பைக் கேட்டு வர இருவர் மீண்டும் காசிமேட்டுக்குப் போயிருக்கின்றனர்.